கயிறு தொய்ந்திருந்தால்தான் நடை: வளர்ந்த நாயை இழுக்காமல் நடக்கப் பழக்குவது

கம்பம் பள்ளத்தாக்கில் நாய் இல்லாத தோட்டத்தைப் பார்ப்பது அரிது. திராட்சைப் பந்தலுக்கு ஒன்று, தென்னந்தோப்புக்கு ஒன்று, வீட்டு வாசலுக்கு ஒன்று என்று வைத்திருப்பார்கள். கோம்பை என்ற ஊரின் பேரையே இனத்தின் பேராகக் கொண்ட நாயும் இந்த மண்ணுடையதுதான். ஆனால் இந்த நாய்களில் பெரும்பாலானவை பகலில் சங்கிலியில் கிடந்து, இரவில் அவிழ்த்துவிடப்பட்டு வளர்ந்தவை. நான்கு வயதுக்குப் பிறகு ஊசி போடக் கூட்டிப்போக வேண்டியிருக்கும், அல்லது தோட்டத்துக் குடியிருப்பை விட்டு ஊருக்குள் வந்திருப்பார்கள். கயிற்றைப் பிடித்துத் தெருவில் இறங்கினால் நாய் முன்னால், ஆள் பின்னால், தோள்பட்டை கழன்றுவிடும்போல இருக்கும்.

இந்தக் குறிப்பு அப்படிப்பட்ட வளர்ந்த நாய்க்கானது. குட்டிக்கு இரண்டு மூன்று வாரத்தில் வருவது இதற்கு ஆறிலிருந்து பத்து வாரம் பிடிக்கும். வயதாகிவிட்டதால் இனிமேல் படியாது என்று நினைக்காதீர்கள். ஏழு வயது நாயும் கற்றுக்கொள்ளும். புதுப்பாடம் படிப்பதற்கு முன்னால் பழைய பாடத்தை அது மறக்க வேண்டியிருக்கிறது. கூடுதல் நாள் அதற்குத்தான்.

ஏன் இழுக்கிறது

இழுத்தால் போக முடிகிறது, அதனால் இழுக்கிறது. வேப்பமரத்தடியில் ஏதோ வாசனை. நாய் இழுக்கிறது, நீங்களும் "இரு, இரு" என்று சொல்லிக்கொண்டே நான்கு எட்டுப் பின்னால் போகிறீர்கள். மரம் வந்துவிட்டது. நாயின் கணக்கில் "இழுத்தேன், கிடைத்தது" என்று ஒரு வரவு எழுதியாகிவிட்டது. நான்கு வருடமாக இப்படி ஆயிரக்கணக்கில் வரவு சேர்ந்திருக்கிறது. நாம் திட்டுவதும் வெடுக்கென்று சுண்டுவதும் அந்தக் கணக்கில் சின்னச் செலவு, அவ்வளவுதான்.

நடை வேகமும் ஒரு காரணம். மனிதர் சாதாரணமாக மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் நடப்பார். நாய்க்குச் சௌகரியமான ஓட்டநடை அதைவிட வேகம். நம் பக்கத்திலேயே மெதுவாக வருவது நாய்க்கு இயல்பான காரியமே இல்லை. அது ஒரு வேலை. வேலை என்றால் கூலி கொடுக்க வேண்டும். தீனி அதற்காகத்தான்.

எல்லாவற்றையும்விட, பகலெல்லாம் கிடக்கும் சங்கிலி. தோட்டத்தில் நாய் கட்டிய முளைக்குச்சியைச் சுற்றி மண் தேய்ந்து வட்டமாகப் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சங்கிலி எட்டுகிற கடைசி விளிம்பு அது. நாய் எந்நேரமும் அந்த விளிம்பில், கழுத்தில் இறுக்கத்தோடுதான் நிற்கிறது. கழுத்து இறுகியிருப்பதே அதற்கு இயல்பு நிலை ஆகிவிடுகிறது. காலையில் பத்து நிமிடம் தொய்ந்த கயிறு, மீதி நேரம் இறுகிய சங்கிலி என்றால் எந்தப் பாடம் நிற்கும்?

ஆகவே முதல் வேலை சங்கிலி நேரத்தைக் குறைப்பது. கேட்டைச் சாத்திவிட்டுக் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வளாகத்துக்குள் அவிழ்த்துவிடுங்கள். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவில், எந்நேரமும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவதையும் குற்றமாகவே சொல்கிறது. கட்டித்தான் ஆகவேண்டும் என்ற நேரத்தில், நடைக்குப் போடும் பெல்ட்டில் சங்கிலியை மாட்டாதீர்கள். கட்டுவதற்கு ஒரு பெல்ட், நடைக்கு வேறொரு பெல்ட். நிறத்தையும் அகலத்தையும் மாற்றி வாங்குங்கள். ஒரே வாரத்தில் நாய்க்கு இரண்டுக்கும் வித்தியாசம் புரிந்துவிடும்.

கயிறும் பெல்ட்டும்

கயிறு ஆறடி நீளம் வேண்டும். நான்கடி என்றால் நாய் அரை எட்டு விலகினாலே இறுகிவிடும், சரியாக நடக்க அதற்கு இடமே இருக்காது. பத்தடி என்றால் காலில் சுற்றும். இருபது கிலோவுக்கு மேற்பட்ட நாய்க்கு ஓரங்குல அகல நாடா, சின்ன நாய்க்கு அதில் பாதி போதும். நைலானைவிடப் பருத்தி நாடா உள்ளங்கைக்கு நல்லது. மாட்டுக்குக் கட்டும் கயிறும் தேங்காய்நார்க் கயிறும் வேண்டாம். நாய் ஒருமுறை பாய்ந்தால் கைத்தோல் உரிந்துவிடும்.

இரும்புச் சங்கிலியை ஏன் வேண்டாம் என்கிறோம் என்றால், அதன் எடை எப்போதும் கழுத்தில் தொங்கும். தொய்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்ற வித்தியாசம் நாய்க்குத் தெரியாது. இந்தப் பாடம் முழுவதும் அந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. பித்தானை அமுக்கினால் தானாக உள்ளே சுருட்டிக்கொள்ளும் கயிறும் இதே காரணத்தால் ஆகாது. அதில் எப்போதும் லேசான இழுப்பு இருந்துகொண்டே இருக்கும், இழுத்தால் நீளமும் கிடைக்கும். இழுக்கக் கற்றுக்கொடுக்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை.

பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று நுழைந்தால் கழன்றுவிடும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற மெலிந்த முகமுள்ள நாய்களுக்குத் தலையைவிடக் கழுத்து பருமன். சாதாரண பெல்ட்டிலிருந்து பின்பக்கமாக நகர்ந்து ஒரே உலுக்கில் தலையை உருவிக்கொள்ளும். அவற்றுக்கு மார்ட்டிங்கேல் என்ற வகை பெல்ட் இருக்கிறது. இழுத்தால் ஓரளவு வரைக்கும் இறுகி, அதற்கு மேல் இறுகாமல் நின்றுவிடும். தலை உருவாது, மூச்சும் அடைக்காது.

பலமாக இழுக்கும் நாய்க்கு, நெஞ்சையும் முதுகையும் சுற்றிப் போடும் ஹார்னஸ் என்ற வார்ப்பட்டை நல்லது, ஆனால் வளையம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். முதுகில் வளையம் இருந்தால், நுகத்தடி பூட்டிய காளை தோள்பலத்தால் வண்டியை இழுப்பதுபோல நாய் உங்களை இழுத்துக்கொண்டு போகும். நெஞ்சில் வளையம் இருந்தால், நாய் முன்னால் பாயும்போது உடம்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும், பாய்ச்சலின் பலம் பாதியாகும். முன்னங்கால் இடுக்கில் பட்டை உரசுகிறதா என்று முதல் வாரம் தினமும் தடவிப் பாருங்கள். முடி உதிர்ந்து சிவந்திருந்தால் ஒரு துளை தளர்த்துங்கள்.

கழுத்தை நெரிக்கும் சங்கிலியும் முள்பட்டையும் வேண்டவே வேண்டாம். மூச்சுக்குழாய் நசுங்கும், இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். இன்னொரு கேடு வெளியே தெரியாது. எதிரில் ஒரு குழந்தை வருகிறது, நாய் ஆவலாக முன்னேறுகிறது, கழுத்தில் சுருக்கென்று வலிக்கிறது. நான்கு தடவை இப்படி ஆனால், குழந்தை வந்தால் வலிக்கும் என்று நாய் படித்துக்கொள்ளும். ஐந்தாம் தடவை உறுமும்.

கயிற்றைப் பிடிக்கிற விதம்: முனையிலுள்ள வளையத்துக்குள் வலது கட்டைவிரலை விட்டு, வளையத்தை உள்ளங்கையில் மடித்து மூடிக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் சுற்றாதீர்கள், இடுப்பில் கட்டாதீர்கள். முப்பது கிலோ நாய் ஓர் ஆட்டுக்குட்டியைப் பார்த்துப் பாய்ந்தால் மணிக்கட்டு முறியும். கயிற்றின் நடுப்பகுதி நாய்க்கும் உங்களுக்கும் இடையே சிரிப்பு வாய்போல வளைந்து தொங்க வேண்டும். அந்த வளைவுதான் அளவுகோல். நடக்கும்போது கண் அதிலேயே இருக்கட்டும்.

தொடங்குவதற்கு முன்

நாயைப் படுக்கவைத்து நான்கு பாதங்களையும் பாருங்கள். விரலிடுக்கில் உண்ணி இருக்கும், நகம் வளர்ந்து வளைந்திருக்கும், பாத மெத்தையில் வெடிப்போ முள்ளோ இருக்கும். பகலெல்லாம் கட்டிக் கிடந்த நாய்க்கு நகம் தேய வழியில்லை. நீண்ட நகத்தோடு தார்ச்சாலையில் நடந்தால் ஒவ்வொரு எட்டும் வலி, வலியில் இருக்கிற நாய் அவசரப்படும். இடுப்புப் பக்கம் தொட்டால் திரும்பிப் பார்த்து முனகுகிறது, எழுந்திருக்கச் சிரமப்படுகிறது என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி போட்ட தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் இறங்கப் போகிற நாய்க்கு அது நிலுவையில் இருக்கக்கூடாது.

தீனி: உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராம். கொண்டைக்கடலை அளவில் நறுக்கினால் நூறு துண்டுக்கு மேல் வரும், ஒரு நாள் பயிற்சிக்கு அது தாராளம். பெரிய துண்டு கொடுத்தால் மென்றுகொண்டு நின்றுவிடும், கவனம் போய்விடும், சீக்கிரம் வயிறும் நிறையும். அவித்த முட்டையின் வெள்ளைக்கருவும் ஆகும். பிஸ்கட் வீட்டுக்குள் செல்லும், தெருவில் செல்லாது. ஆட்டு வாசனைக்கு முன்னால் பிஸ்கட் எம்மாத்திரம்? கருவாட்டில் உப்பு அதிகம், வெங்காயம் சேர்த்த எதுவும் ஆகாது. தீனி கொடுத்த அளவுக்கு ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துவிடுங்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: திராட்சை நாய்க்கு நஞ்சு. பன்னீர் திராட்சை, விதையில்லாத் திராட்சை, உலர்திராட்சை எல்லாமே. டார்டாரிக் அமிலமே காரணம் என்று இப்போது கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். புளியிலும் அதே அமிலம்தான். இத்தனை பழம் வரைக்கும் பரவாயில்லை என்று கணக்குச் சொல்ல முடியாது. ஒரு நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு இன்னொரு நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பந்தலுக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தை நடக்கும்போதே நாய் பொறுக்கும். தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். பந்தலில் மருந்து அடித்த நாட்களில் அந்த வரப்புப் பக்கமே போகக்கூடாது. நனைந்த புல்லில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே மருந்து உள்ளே போய்விடும்.

முதல் வாரம்: வீட்டுக்குள், கயிறில்லாமல்

"நீ இப்போது செய்தது சரி" என்று நாய்க்குச் சொல்ல ஒரு சத்தம் வேண்டும். "சரி" என்ற சொல்லையே வைத்துக்கொள்ளாதீர்கள். போனில் பேசும்போது நிமிடத்துக்கு நான்கு தடவை சரி சொல்கிறோம், நாய்க்கு அது வெறும் இரைச்சல். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கினால் வரும் "டொக்" போதும். வீட்டில் எல்லோருக்கும் வரும், எங்கும் மறந்து வைத்துவிட்டுப் போக முடியாது.

ஒரு டொக், ஒரு துண்டு. இருபது தடவை. அவ்வளவுதான் முதல் நாள். சத்தம் கேட்டதும் உங்கள் கையைத் தேடித் தலை திரும்பினால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலான நாய்களுக்கு இரண்டு நாளில் வந்துவிடும்.

அடுத்து இடம். நாய் உங்கள் இடப்பக்கம் நடக்க வேண்டுமென்றால், தீனி எப்போதும் இடது கையால், இடது தொடையை ஒட்டி, நாயின் வாய் உயரத்தில் கிடைக்க வேண்டும். இந்த ஒன்றில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். வலது கையால் முன்பக்கமாக நீட்டுவார்கள். நாய் தீனியைத் தேடி ஒரு வெட்டு வெட்டி முன்னால் குறுக்கே வரும். பிறகு "குறுக்கே குறுக்கே வருது" என்று அதையே திட்டுவார்கள். தீனி எங்கே கிடைக்கிறதோ அங்கே நாய் நிற்கும். தொடைப்பக்கம் கிடைத்தால் தொடைப்பக்கம்.

கூடத்தில் ஓர் எட்டு வையுங்கள். நாய் கூடவே வந்ததா? டொக், தொடையில் துண்டு. இரண்டு எட்டு. பிறகு ஐந்து, பிறகு மறுபடி இரண்டு, பிறகு எட்டு. வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், வரவரக் கடினமாகிறது என்று நாய் கண்டுபிடித்துவிடும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. நாய்க்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். வார முடிவில் கயிறில்லாமல் பதினைந்து எட்டு ஒட்டி வந்தால் முற்றத்துக்குப் போகலாம்.

கயிறு மாட்டிய பிறகு

கயிற்றை ஆணியிலிருந்து எடுத்த உடனே குதிக்கிற நாயோடு வாசலைத் தாண்டக்கூடாது. கயிற்றை எடுங்கள். குதித்தால் மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு உட்காருங்கள், ஒன்றும் பேச வேண்டாம். அடங்கியதும் மறுபடி எடுங்கள். முதல் நாள் பதினைந்து தடவைகூட ஆகலாம். நான்கு காலும் தரையில் இருக்கும்போதுதான் கொக்கி மாட்டப்படும், கேட்டும் திறக்கும். கொதித்துக்கொண்டு வெளியே போன நாய் தெருக்கோடி வரைக்கும் கொதித்துக்கொண்டுதான் போகும்.

இனி விதி ஒன்றே ஒன்று. கயிறு தொய்ந்திருந்தால் நடக்கிறோம், இறுகினால் நிற்கிறோம்.

கயிறு இறுகிய அந்தக் கணமே மரம்போல நின்றுவிடுங்கள். பின்னுக்கு இழுக்காதீர்கள், சுண்டாதீர்கள். நீங்கள் இழுத்தால் நாய் எதிர்த்து இழுக்கும், அது உடம்பின் இயல்பு. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கை நீண்டு நாய்க்கு ஓரடி இனாமாகக் கிடைத்துவிடும். நாய் இழுத்துப் பார்க்கும், திரும்பிப் பார்க்கும், அல்லது ஓர் எட்டுப் பின்னால் வைக்கும். கயிற்றில் வளைவு விழுந்த உடனே டொக், தொடையில் துண்டு, நடை.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கெட்டிக்கார நாய் பத்து நாளில் ஒரு சுற்று கண்டுபிடிக்கும்: இழு, நின்றுவிடுவார், திரும்பி வா, துண்டு வாங்கு, மறுபடி இழு. திரும்பி வருவதற்குக் கூலி கொடுத்துக் கொடுத்து இழுப்பதையே அந்தக் கூலி வாங்கும் வழியாக ஆக்கிவிட்டோம். அதனால் முதல் நான்கைந்து நாளுக்குப் பிறகு, திரும்பி வந்ததற்கு வாய்ச்சொல் மட்டும். தொய்ந்த கயிற்றோடு ஐந்து எட்டாவது நடந்த பிறகுதான் துண்டு. இழுக்காமல் தானாகவே நடந்துகொண்டிருக்கும்போது தாராளமாகக் கொடுங்கள். அந்த நேரத்தில்தான் நாம் போனைப் பார்த்துக்கொண்டு மறந்துவிடுகிறோம்.

நிற்பது மட்டும் போதாத நாய்கள் உண்டு. அவற்றுக்குத் திருப்பம். நாயின் தோள் உங்கள் முழங்காலைத் தாண்டியதும், கயிறு இறுகுவதற்கு முன்னாலேயே, "வா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி நடங்கள். நாய் ஓடி வந்து சேர்ந்துகொண்டதும் டொக். நாலைந்து திருப்பத்தில் நாய் உங்களைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பிக்கும். ஆள் எந்தப் பக்கம் திரும்புவாரோ என்று கவனிக்க வேண்டியிருக்கிறதே! சொல்லாமல் திரும்பிக் கழுத்தைச் சுண்டிவிடாதீர்கள், அது தண்டனை ஆகிவிடும்.

மோப்பத்துக்கு இடம் விடுங்கள். நமக்குக் காலையில் பேப்பர் எப்படியோ, நாய்க்கு மைல்கல்லும் மின்கம்பமும் அப்படி. மோப்பம் பிடிக்க விடாமல் கடிவாளம் போட்டதுபோல நடத்தினால் அது உலா ஆகாது. இருபது எட்டு ஒழுங்காக நடந்தால், "மோந்துக்கோ" என்று சொல்லிக் கயிறு முழு நீளமும் விட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறகு "போலாம்". சில நாய்களுக்குக் கோழிக்கறியைவிட இது பெரிய கூலி. மரத்தை நோக்கி இழுத்தால் மரம் கிடைக்காது, தொய்வாக நடந்தால் அதே மரம் கிடைக்கும். பழைய கணக்குப் புத்தகத்தை அழித்து எழுதுவது இப்படித்தான்.

மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் எப்போதாவது இழுப்பு திடீரென்று அதிகமாகும். அணையப்போகிற விளக்கு கூடுதலாக எரிவதுபோல. இத்தனை நாள் பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று நாய் முழுப் பலத்தோடு ஒருமுறை முயன்று பார்க்கிறது. "இது நமக்குச் சரிப்படாது" என்று பலரும் விட்டுவிடுவது அந்த நாளில்தான். அன்றைக்கு விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாக இழுத்தால் பலிக்கும் என்ற பாடம் ஏறிவிடும். அன்றைக்கு இருபது எட்டு மட்டும் நடந்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி

அப்பா நிற்கிறார், மகன் இழுத்த இழுப்புக்குப் போகிறான் என்றால் பாடம் நிற்காது. கேரள எல்லையிலுள்ள குமுளிக்குப் போகும்போதெல்லாம் லாட்டரிச் சீட்டு வாங்குகிறவரைப் பாருங்கள். தினமும் விழுந்தால் அதில் பைத்தியம் பிடிக்காது. என்றைக்கோ ஒருநாள் நூறு ரூபாய் விழுந்தது, அதனால்தான் விடமுடியவில்லை. இழுப்பும் அப்படித்தான். பத்தில் ஒரு தடவை பலிக்கிற இழுப்பு, எப்போதும் பலிக்கிற இழுப்பைவிடப் பிடிவாதமானது.

ஆனால் வீட்டில் ஒருவருக்கு நேரமில்லை, மருத்துவமனைக்கு அவசரமாகப் போகவேண்டும் என்ற நாள் வரும். அதற்கு ஒரு வழி உண்டு. பயிற்சிக்கு பெல்ட், அவசரத்துக்கு ஹார்னஸ் என்று பிரித்து வையுங்கள். ஹார்னஸ் போட்ட அன்று இழுத்தாலும் போய்க்கொண்டே இருங்கள். பெல்ட் போட்ட அன்று ஒரு தடவைகூட இழுப்பு பலிக்கக்கூடாது. நாய் இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளும். பலமாக இழுக்கும் நாய்க்குப் பயிற்சியே ஹார்னஸில்தான் என்றால், நெஞ்சு வளையத்தில் கொக்கி மாட்டினால் பயிற்சி, முதுகு வளையத்தில் மாட்டினால் அவசரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தெருவில்

மூன்றாவது வாரம் வாசலுக்கு வெளியே ஐம்பது மீட்டர் போதும். மூன்று கிலோமீட்டர் போக ஆசைப்பட்டால் இரண்டாவது கிலோமீட்டரில் உங்கள் பொறுமை தீர்ந்து இழுத்த இழுப்புக்கு விட்டுவிடுவீர்கள். நாய் களைக்க வேண்டுமென்றால் முன்னதாக முற்றத்தில் பத்து நிமிடம் பந்து உருட்டி விளையாடவிடுங்கள்.

இடமும் நேரமும் முக்கியம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் விடிகாலையில் மேலே ஏறும், சாயங்காலம் வேகமாக இறங்கும். அந்த நேரத்தில் கம்பம்மெட்டு சாலை, குமுளி சாலை ஓரமெல்லாம் பயிற்சிக்கு ஆகாது. வாய்க்கால் கரை நல்ல இடம்: நேரான பாதை, வண்டி குறைவு, எதிரில் வருவது தூரத்திலேயே தெரியும். புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தால் மட்டும் பாம்புக்குப் பயந்து தவிர்த்துவிடுங்கள். லோயர் கேம்ப்பைத் தாண்டிய மலைப்பாதை காடு. அங்கே நாயோடு நடப்பது நாய்க்கும் ஆபத்து, காட்டு விலங்குக்கும் கேடு.

ஆனி, ஆடியில் கணவாய் வழியாக இறங்கும் காற்று இந்தப் பள்ளத்தாக்கையே உலுக்கும். காற்று வீசும் நாளில் எங்கெங்கோ இருக்கிற வாசனையெல்லாம் நாயின் மூக்குக்கு வரும். நேற்றுப் படித்த நாயா இது என்று தோன்றும். அந்த நாட்களில் தூரத்தைப் பாதியாக்கித் தீனியை இரட்டிப்பாக்குங்கள். சித்திரை வெயிலில் வேறு பிரச்சினை. தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் முடியாது. காலை ஏழரைக்கு முன்னால், இருட்டுகிற நேரத்துக்குப் பிறகு.

இருசக்கர வண்டியில் உட்கார்ந்துகொண்டு சங்கிலியைப் பிடித்து நாயை ஓடவிடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாய் குறுக்கே வெட்டினால் வண்டி நாய்மேலேயே விழும். வெட்டாவிட்டாலும் நாய் படிப்பது இழுத்துக்கொண்டு ஓடுவதைத்தான்.

ஆடும் தெருநாயும்

கிடை ஆடு, கோழி, குரங்கு, இன்னொரு நாய். இவற்றில் எதைப் பார்த்தாலும் உங்கள் நாய்க்கு ஓர் எல்லைத் தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்துக்கு அப்பால் நின்றால் பார்க்கும், ஆனால் கையிலிருந்து தீனி வாங்கிக்கொள்ளும். அதற்கு உள்ளே வந்துவிட்டால் காது கேட்காது, மூக்கடியில் கறியை வைத்தாலும் வாங்காது. அந்தத் தூரத்தை எட்டுக் கணக்கில் அளந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கு நாற்பது எட்டு, கோழிக்கு இருபத்தைந்து என்று ஒவ்வொரு நாய்க்கும் ஒன்றாக இருக்கும். வேட்டை வழிவந்த சிப்பிப்பாறைக்கு ஓடுகிற ஆடு என்றால் நூறு எட்டுகூடப் போதாமல் போகலாம்.

பாடம் எல்லைக்கு வெளியேதான். ஆட்டைப் பார்த்தது, டொக், துண்டு. மறுபடி பார்த்தது, டொக், துண்டு. பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு, ஆட்டைப் பார்த்ததும் நாய் தானாகவே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பலைப் பார்த்த அன்றுதான் நாலு எட்டு நெருங்கலாம். கிடை மறித்திருக்கும் வயலின் மேட்டில், ஆட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அரைமணி நேரம் இப்படிச் செய்தால் ஒரு மாதத் தெருநடையைவிட அதிகம் பலன் தரும்.

எதிரே தெருநாய் வந்தால் நேருக்குநேர் போகாதீர்கள். நாய்களுக்குள் நேராக நடந்து வருவது சண்டைக்கு வருவதுபோல. அரைவட்டமாக விலகி, உங்கள் உடம்பு நடுவில் இருக்கும்படி கடந்துபோங்கள். இந்த நேரத்தில் நம் கை தன்னால் கயிற்றை இறுக்கும். இறுகிய கயிறு நாயின் நெஞ்சை நிமிர்த்திவிடும், எதிர்நாய்க்கு அது சவாலாகத் தெரியும். மூச்சை விட்டு, கையைத் தொங்கவிடுங்கள். தெருநாய் பின்தொடர்ந்தால் ஒரு கைப்பிடித் தீனியை அதன் முன்னால் தரையில் சிதறிவிட்டு நகருங்கள், ஓடாதீர்கள். கையில் குடை இருந்தால் விரித்துத் திரைபோலப் பிடிக்கலாம், பெரும்பாலும் தயங்கி நிற்கும். வீட்டு முற்றத்தில் குடைவிரிப்புக்கு உங்கள் நாயை முதலில் பழக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுதான் முதலில் மிரளும். உங்களைக் கடித்துவிட்டால், கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள்.

கோம்பை நாய்க்கு ஒரு கூடுதல் சொல். காவல்குணம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. முரட்டுத்தனமாகக் கையாண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாதக்கணக்கில் ஒத்துழைக்காது. வீட்டில் ஒருவர் மட்டும் முதல் நான்கு வாரம் பழக்கிவிட்டு, பிறகு மற்றவர்கள் கையில் கயிற்றைக் கொடுங்கள். கேட்டுக்கு இரண்டு பக்கமும் இருபது மீட்டரை அது தன் எல்லையாகவே நினைக்கும், அங்கேதான் அதிகம் விறைக்கும். அந்த இருபது மீட்டருக்குத் துண்டு இரட்டிப்பு.

வாழைநார்ச் சோதனை

ஆறாவது வாரம் எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்கப் பூக்கட்டும் வாழைநார் போதும். கேட்டைச் சாத்திவிட்டு முற்றத்தில் செய்யுங்கள். பெல்ட் வளையத்துக்கும் கயிற்றின் கொக்கிக்கும் நடுவில் ஒற்றை நாரை ஒரு சாண் நீளத்துக்கு முடிந்துகொள்ளுங்கள். நார் காய்ந்ததாக இருக்கட்டும், நனைந்தால் உறுதி கூடிவிடும். பாதுகாப்புக்கு இன்னொரு கயிற்றை ஹார்னஸில் தனியாக மாட்டித் தொய்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முற்றத்தை நான்கு தடவை சுற்றுங்கள், இரண்டு தடவை திரும்புங்கள், வீட்டில் ஒருவரைக் கேட்டுக்கு வெளியே பால் பாத்திரத்தோடு நடக்கச் சொல்லுங்கள். நார் அறாமல் வந்தால் அந்த வாரமே கடைத்தெரு ஓரத்துக்குப் போகலாம். அறுந்தால் எந்த இடத்தில் அறுந்தது என்று பாருங்கள், திருப்பத்திலா, கேட்டருகிலா, ஆள் நடந்தபோதா. அடுத்த வாரத் தீனியில் பாதி அந்த இடத்துக்கு.